மலிவு விலை புல் வெட்டும் மிஷின்: வாங்கலாமா, வேண்டாமா?

திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் நிலம். ஒரு ஏக்கரில் தென்னை, ஒரு ஏக்கரில் நிலக்கடலை, அரை ஏக்கரில் கோ-5 தீவனப்புல். இரண்டு கறவை மாடுகள். களை வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மழை பெய்த வாரத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஆள் தேவைப்படுகிறது. அவருடைய கணவர் டவுனில் ஒரு கடையில் இறக்குமதி செய்த பிரஷ் கட்டர் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். விலை 8,500 ரூபாய். பக்கத்துக் கடையில் பெயர் பெற்ற கம்பெனி மிஷின் 28,000 ரூபாய். கையில் பால் பணம் 8,500 இருக்கிறது. மீதியை நகையை வைத்துத்தான் புரட்ட வேண்டும்.

"விலை குறைந்ததை வாங்கி ஒரே மாதத்தில் மூலையில் போட்டால் பால் பணம் போச்சு. விலை கூடியதை வாங்கினால் நகை போச்சு. எதைச் செய்வது?" என்று கேட்கிறார். கூடவே இன்னொரு கவலையும் எழுதியிருக்கிறார். சென்ற வருடம் உறவினர் ஒருவர் வாடகைக்கு எடுத்த மிஷினால் வரப்பு வெட்டும்போது கல் தெறித்துக் கன்றுக்குட்டியின் கண் போய்விட்டது. அந்த மிஷினில் பிளேடுக்கு மேல் மறைப்புத் தகடு இல்லை. வீட்டில் ஐந்து வயதுப் பையன் இருக்கிறான்.

இதே கேள்வியை வேறு வேறு விதமாகப் பல வாசகர்கள் கேட்டிருப்பதால், இந்த இதழில் இதையே விரிவாகப் பார்க்கலாம்.

மலிவாக இருப்பது ஏன்?

சந்தையில் ஏழாயிரத்திலிருந்து பத்தாயிரம் ரூபாய் வரை கிடைக்கும் இரண்டு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர்களில் பெரும்பாலானவை சீனாவில் செய்யப்பட்டவை. பெட்டியின் நிறமும் பெயரும் மாறும். உள்ளே இருக்கும் இன்ஜின் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். பழைய ஜப்பானிய இன்ஜின் அமைப்பைப் பார்த்துப் பல தொழிற்சாலைகள் செய்கின்றன. இறக்குமதி செய்பவர் தன் பெயரை ஒட்டி விற்கிறார்.

இதில் ஒரு கெடுதலும் உண்டு, ஒரு நன்மையும் உண்டு. ஒரே பெயரில் வரும் இரண்டு மிஷின்கள் ஒரே தரத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்த வருடம் வந்த சரக்கு ஒரு தொழிற்சாலையில் செய்தது, அடுத்த வருடம் வருவது வேறொன்றில் செய்ததாக இருக்கலாம். அதனால் "பக்கத்து வீட்டில் நன்றாக ஓடுகிறது" என்பது மட்டும் போதாது. வாங்கப்போகும் மிஷினையே பார்க்க வேண்டும். நன்மை என்னவென்றால், அமைப்பு ஒன்றாக இருப்பதால் கார்பரேட்டர், கிளட்ச், ஸ்டார்ட்டர் போன்ற உதிரி பாகங்கள் ஒன்றுக்கு ஒன்று பொருந்தும், விலையும் குறைவு. மலிவு மிஷினின் உண்மையான பலம் இதுதான். யாரிடமும் இல்லாத புது அமைப்பில் வரும் மலிவு மிஷினை வாங்கினால் இந்தப் பலமும் இல்லாமல் போய்விடும்.

சி.சி. என்ன என்று மிஷினே சொல்லும்

மலிவு மிஷின்களில் அதிகம் நடக்கும் ஏமாற்று, சி.சி. கணக்கில்தான். வெளியே பெரிய எழுத்தில் 52 சி.சி. என்று ஒட்டியிருக்கும். உண்மையில் உள்ளே இருப்பது 43 சி.சி. இன்ஜினாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. இன்ஜினிலோ கையேட்டிலோ ஒரு மாடல் எண் இருக்கும். ஆங்கில எழுத்தில் 1-இ-40-எஃப் என்றோ 1-இ-44-எஃப் என்றோ இருக்கும். முதல் ஒன்று என்பது ஒரு சிலிண்டர். இ என்பது இரண்டு ஸ்ட்ரோக். எஃப் என்பது காற்றால் குளிரும் இன்ஜின். நடுவில் இருக்கும் எண் சிலிண்டரின் உள்விட்டம், மில்லிமீட்டரில்.

இந்த இரண்டு இன்ஜின்களிலும் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் பெரும்பாலும் 34 மி.மீ. உள்விட்டம் 40 என்றால் கொள்ளளவு சுமார் 43 சி.சி. உள்விட்டம் 44 என்றால் சுமார் 52 சி.சி. ஆகவே ஸ்டிக்கரில் 52 என்றும் மாடல் எண்ணில் 40 என்றும் இருந்தால் இரண்டில் ஒன்று பொய். கடைக்காரரிடம் அங்கேயே கேட்டுவிட வேண்டும். 43 சி.சி. மோசமான மிஷின் அல்ல. வரப்புப் புல்லுக்கும் தென்னந்தோப்புக்கும் அது தாராளமாகப் போதும். ஆனால் 43-க்கு உரிய விலையைத்தான் கொடுக்க வேண்டும். அதோடு, சி.சி.யில் பொய் சொல்லும் சரக்கில் மற்றவை எப்படி இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

நான்கு ஸ்ட்ரோக் மிஷினிலும் இப்படித்தான். 139-எஃப் என்று இருந்தால் உள்விட்டம் 39 மி.மீ. இந்த எண்ணில் வரும் மலிவு மிஷின்கள் பல 31 சி.சி.தான். அதன் மேல் அதைவிடப் பெரிய எண் ஒட்டப்பட்டிருந்தால் கவனம் தேவை.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

பெட்டியைப் பிரிக்காமல் பணம் கொடுக்கக்கூடாது. கீழ்க்கண்ட சோதனைகளுக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்க மறுக்கும் கடை, பழுது வந்தால் முகம் கொடுக்காது.

பெட்டியின் மேல்: இறக்குமதி செய்த பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்லும் தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டம். இவை இல்லாத பெட்டிக்குப் பின்னால் பொறுப்பேற்க ஆள் இல்லை என்று பொருள்.

அழுத்தம்: ஸ்விட்சை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் கனமாகத் தடுத்து, பிறகு விட வேண்டும். எங்குமே தடுக்காமல் கிணற்று ராட்டினம் போல வழவழவென்று சுற்றினால் அழுத்தம் இல்லை. அந்த மிஷின் புதிதாக இருந்தாலும் வேண்டாம்.

தண்டும் கியர் பாக்ஸும்: பிளேடு மாட்டும் முனையைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். லேசாகக்கூட ஆட்டம் இருக்கக்கூடாது. கையால் சுற்றினால் கரகரவென்ற சத்தம் இல்லாமல் சுற்ற வேண்டும். குழாயின் விட்டம் 26 மி.மீ.யா, 28 மி.மீ.யா என்றும், உள்ளே இருக்கும் தண்டின் பற்கள் ஏழா, ஒன்பதா என்றும் கேட்டு பில்லின் பின்புறம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கியர் பாக்ஸ் மாற்றும்போது இந்த இரண்டு எண்கள் தெரியாமல் கடைக்கும் வீட்டுக்கும் அலைபவர்கள் அதிகம்.

ஓட்டம்: சோக் போட்டு நாலைந்து இழுப்புக்குள் கிளம்ப வேண்டும். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் இன்ஜின் நிதானமாக ஓட வேண்டும், பிளேடு சுற்றக்கூடாது. இன்ஜின் மெதுவாக ஓடும்போதும் பிளேடு சுற்றினால், கார்பரேட்டர் சரியாக வைக்கப்படவில்லை அல்லது கிளட்ச் ஸ்பிரிங் சரியில்லை. முதலாவதைக் கடைக்காரர் ஸ்க்ரூவைத் திருப்பிச் சரி செய்துவிடலாம். அதற்குப் பிறகும் சுற்றினால் வாங்கக்கூடாது. விரலும் காலும் போவது இப்படிப்பட்ட மிஷினில்தான். நிறுத்தும் ஸ்விட்சைத் தட்டியதும் உடனே நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சூட்டில் மறுபடி கிளப்புதல்: இதைத்தான் யாரும் செய்வதில்லை. குளிர்ந்த மிஷின் கடையில் நன்றாகக் கிளம்பும். பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி இழுக்க வேண்டும். இக்னிஷன் காயிலில் குறை இருந்தாலும், சிலிண்டர் வேலைப்பாடு மோசமாக இருந்தாலும் சூடான பிறகுதான் தெரியும். தோப்பில் ஒரு டேங்க் முடிந்து பெட்ரோல் ஊற்றியதும் கிளம்ப மறுக்கும் மிஷின்கள் எல்லாம் இந்தச் சோதனையில் தோற்கக்கூடியவை.

பிளேடு: மலிவு மிஷினோடு இலவசமாக வரும் பிளேடைப் பெரும்பாலும் நம்பக்கூடாது. நடுத்துளையில் ஒரு பென்சிலைச் செருகிப் படுக்கை வசமாகப் பிடித்தால், எந்தப் பக்கத்தைக் கீழே வைத்தாலும் பிளேடு அங்கேயே நிற்க வேண்டும். ஒரே பக்கம் திரும்பத் திரும்பக் கீழே வந்தால் எடை சரியில்லை. அது ஓடும்போது மிஷின் முழுவதும் நடுங்கும். கை மரத்துப்போகும், நட்டுகளும் கழன்றுவிடும். பிளேடில் எத்தனை சுற்று வேகம் வரை தாங்கும் என்று அச்சிட்டிருக்க வேண்டும். முடிந்தால் நல்ல பிளேடு ஒன்றைத் தனியாக வாங்கிவிடுவது நல்லது. சில நூறு ரூபாய் கூடுதல், ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட பாகம் அது ஒன்றுதான்.

உதிரி பாகம்: கார்பரேட்டர், ஸ்டார்ட்டர், கிளட்ச், இக்னிஷன் காயில், கியர் பாக்ஸ். இந்த ஐந்தையும் "இப்போதே எடுத்துக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். மூன்றையாவது மேசை மேல் வைக்க முடிந்தால் நல்ல கடை. "ஆர்டர் போட்டால் வந்துவிடும்" என்ற பதிலுக்கு, களை வளரும் வாரத்தில் மதிப்பு இல்லை.

எத்தனை மணி நேர வேலை?

மிஷின் நல்லதா கெட்டதா என்பது ஒரு கேள்வி. இந்தக் குடும்பத்துக்கு அது லாபமா என்பது வேறு கேள்வி. அதற்கு விலையை மட்டும் பார்த்தால் போதாது. வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்று பார்க்க வேண்டும்.

வாசகியின் நிலத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தென்னையில் வருடத்துக்கு நான்கு முறை, முறைக்கு ஆறு மணி நேரம் என்றால் 24 மணி. வரப்பும் வாய்க்காலும் 10 மணி. மாட்டுக்குப் புல் அறுக்க தினம் பத்து நிமிடம், 300 நாள் என்றால் 50 மணி. ஆக 84 மணி நேரம். நிலக்கடலைக்கு இந்த மிஷின் உதவாது. பிரஷ் கட்டர் களையை மேலாக வெட்டுமே தவிர வேரோடு எடுக்காது. கோரையும் அருகும் பத்து நாளில் மறுபடி தலைகாட்டும். அங்கே களைக்கொத்தும் கை ஆளும்தான். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் "இனி ஆளே தேவையில்லை" என்று நினைத்து வாங்கியவர்கள்தான் பிறகு மிஷினைக் குறை சொல்கிறார்கள்.

இப்போது கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். சுமாராகப் பராமரிக்கப்படும் மலிவு மிஷின் 3,000 ரூபாய் பழுது செலவோடு 150 மணி நேரம் உழைக்கிறது. ஆக 11,500 ரூபாய். மணிக்கு சுமார் 77 ரூபாய். கம்பெனி மிஷின் 6,000 ரூபாய் பழுது செலவோடு 800 மணி நேரம் உழைக்கிறது. ஆக 34,000 ரூபாய். மணிக்கு 42 ரூபாய் 50 காசு. பார்த்தால் கம்பெனி மிஷின்தான் மலிவு.

ஆனால் வரப்பு மட்டும் வெட்டும் ஒருவருக்கு வருடம் 30 மணி நேரம்தான் வேலை. ஐந்து வருடத்தில் 150 மணி. அவருக்கு மலிவு மிஷின் மணிக்கு 77 ரூபாய். கம்பெனி மிஷின் பழுது செலவே இல்லாவிட்டாலும் மணிக்கு 187 ரூபாய். அவர் 28,000 ரூபாயை முடக்குவது வீண். ஆகவே "மலிவு எப்போதும் நஷ்டம்" என்று சொல்வதும் சரியல்ல.

வாசகிக்கு ஐந்து வருடத்தில் 420 மணி நேர வேலை. 150 மணி உழைக்கும் மலிவு மிஷின் என்றால் மூன்று வாங்க வேண்டும், 34,500 ரூபாய். கம்பெனி மிஷின் 28,000, ஐந்து வருடப் பழுது 3,000, நகைக் கடன் 19,500-க்கு நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் இரண்டு வருடத்தில் தவணையாகக் கட்டினால் வட்டி சுமார் 2,400. மொத்தம் 33,400. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதே மலிவு மிஷினை நன்றாகப் பராமரித்து 300 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மிஷின் 17,000, பழுதுக்கு 8,000, மொத்தம் 25,000-தான். ஆக, இங்கே தீர்மானிப்பது கடை அல்ல. வீட்டில் மிஷினைப் பார்த்துக்கொள்ளும் கைதான்.

மூன்றாவது வழி

கணவன் மனைவி இருவரும் பார்க்காத ஒரு வழி இருக்கிறது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண் விவசாயிகள், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆகியோருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் உண்டு. கருவிக்குக் கருவி உச்சவரம்பும் உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டால் புதர் அகற்றும் கருவிக்கு இந்த வருடம் ஒதுக்கீடு இருக்கிறதா, எந்த மாடல்கள் பட்டியலில் உள்ளன என்று சொல்லிவிடுவார்கள். உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று ஆகியவை தயாராக இருக்க வேண்டும். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும்.

இதில் இரண்டு விஷயங்களை மறக்கக்கூடாது. முதலில் விண்ணப்பம், பிறகு அனுமதி, அதன் பிறகுதான் மிஷின். முன்பே வாங்கிவிட்டு பில்லைக் கொண்டுபோனால் மானியம் கிடைக்காது. இரண்டாவது, மானியத் தொகை எப்போது, எந்தக் கணக்கில் வரும், அதுவரை முழு விலையையும் கட்ட வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பட்டியலில் இடம்பெற மிஷின் அரசு அங்கீகரித்த சோதனை நிலையத்தில் தேர்வாகியிருக்க வேண்டும். மத்திய அரசின் இத்தகைய நிலையங்கள் புத்னி, ஹிசார், கார்லதின்னே, பிஸ்வநாத் சாரியாலி ஆகிய நான்கு ஊர்களில் உள்ளன. ஆகவே மானியம் வாங்காதவர்களுக்கும் அந்தப் பட்டியல் உபயோகமானது. கடையில் "இந்த மிஷினுக்குச் சோதனை அறிக்கை இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

பாதி மானியம் கிடைத்தால் 28,000 ரூபாய் மிஷின் 14,000-க்கு வரும். நகைக் கடன் 19,500-லிருந்து 5,500-ஆகக் குறையும். வாசகியின் குடும்பத்துக்கு இதுதான் முதல் யோசனை. ஒதுக்கீடு முடிந்துவிட்டது, மழைக்கு முன் மிஷின் தேவை என்ற நிலை வந்தால், மேலே சொன்ன எல்லாச் சோதனைகளிலும் தேறும் 8,500 ரூபாய் மிஷினைப் பால் பணத்தில் வாங்கலாம். நகையைத் தொட வேண்டியதில்லை. எந்தச் சோதனையில் தவறினாலும், இன்னும் ஐந்நூறு குறைத்துக் கொடுத்தாலும், வேண்டாம்.

வாங்கிய பிறகு

ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு மிஷின்களில் ஒன்று நாலு வருடம் ஓடுவதையும் மற்றொன்று பத்து நாளில் பிஸ்டன் பிடித்து நிற்பதையும் கிராமங்களில் பார்க்கலாம். வித்தியாசம் பெரும்பாலும் ஆயில் கலவையில் இருக்கிறது. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனியாக ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலந்துதான் போக வேண்டும். கையேட்டில் 25-க்கு 1 என்று இருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1 என்று இருந்தால் 20 மில்லி. மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல், மருந்து அளக்கும் குவளையில் அளந்து, கேனிலேயே கலக்கிவிட்டுப் பிறகு டேங்கில் ஊற்ற வேண்டும். டூ-டி ஆயில் தவிர டிராக்டர் ஆயில், பைக் இன்ஜின் ஆயில் எதுவும் கூடாது.

முதல் எட்டு பத்து டேங்க் வரை முழு வேகத்தில் ஓட்டக்கூடாது. 20 மணி நேரத்துக்கு ஒரு முறை கியர் பாக்ஸில் கிரீஸ் வைக்க வேண்டும். மலிவு மிஷின்களில் பல கிரீஸ் போதாமலேயே வருவதால் முதல் நாளே திறந்து பார்ப்பது நல்லது. காற்று வடிகட்டியைத் தூசி படியும்போதெல்லாம் கழுவிக் காயவைத்து மாட்ட வேண்டும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், மலிவு ரப்பர் குழாயை உப்பவைக்கும். பத்து நாளுக்கு மேல் வேலை இல்லை என்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு, தானாக நிற்கும் வரை இன்ஜினை ஓட்டி வைக்க வேண்டும்.

கன்றுக்குட்டியின் கண் போனதற்கு வருவோம். பிளேடின் மேல் உள்ள மறைப்புத் தகட்டைப் புல் சிக்குகிறது என்று பலர் கழற்றிவிடுகிறார்கள். அதைக் கழற்றக்கூடாது. ஓடும் மிஷினைச் சுற்றி 15 மீட்டருக்குள், அதாவது இரண்டு தென்னை வரிசைத் தூரத்துக்குள், ஆளோ மாடோ குழந்தையோ இருக்கக்கூடாது. வெட்டுகிறவருக்குக் கண்ணாடியும் பூட்ஸும் வேண்டும். செருப்புக் காலோடு இந்த வேலை கூடாது. பிளேடின் நட்டு இடது மரை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வழக்கமாக இறுக்கும் பக்கம் திருப்பினால் அது கழலும். இது தெரியாமல் "இறுக்கிவிட்டேன்" என்று ஓட்டி, பிளேடு பறந்த சம்பவங்கள் உண்டு. தினமும் காலையில் புல் அறுக்கும் வீட்டில், பையன் வாசலைத் தாண்டாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளாத நாளில் மிஷினைக் கிளப்பாமல் இருப்பதே நல்லது. அன்றைக்குப் பன்னரிவாள் போதும்.

மற்ற கேள்விகள்

தஞ்சாவூர் மாவட்ட வாசகர்: பேட்டரி ஸ்பிரேயரில் 12 வோல்ட், 8 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. அரை நாள்கூட வருவதில்லை. ஏமாற்றா?

பேட்டரியைக் கழற்றித் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். ஸ்பிரேயரில் வரும் ஈய பேட்டரி உண்மையிலேயே 12 வோல்ட், 8 ஆம்பியர் மணி என்றால் எடை இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். ஒன்றரைக் கிலோதான் இருக்கிறது என்றால் உள்ளே ஈயம் குறைவு. எண்ணை ஒட்டலாம், எடையை ஒட்ட முடியாது. எடை சரியாக இருந்தும் நேரம் போதவில்லை என்றால் சார்ஜரையும் மோட்டாரையும் பார்க்க வேண்டும். வாங்கும்போது முழு சார்ஜ் செய்த ஸ்பிரேயரில் வெறும் தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் வாளியில் விழுகிறது என்று அளந்து வைத்துக்கொள்வது நல்லது. ஆறு மாதம் கழித்து அதே அளவு வருகிறதா என்று பார்த்தால் பம்பின் நிலை தெரியும். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் என்றால் 16 லிட்டர் டேங்கில் பன்னிரண்டரை டேங்க். அத்தனைக்கும் ஒரு சார்ஜ் தாங்குகிறதா என்பதே விவசாயிக்குத் தேவையான கணக்கு.

நாமக்கல் மாவட்ட வாசகர்: ஆன்லைனில் வாங்கிய பிரஷ் கட்டர் மூன்றே வாரத்தில் நின்றுவிட்டது. "ஆயில் சரியாகக் கலக்கவில்லை" என்று சொல்லி வாரண்டி மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

முதலில் மிஷினை உள்ளூரில் பிரிக்கக் கொடுக்கக்கூடாது. பிரித்துவிட்டால் வழக்கு பலவீனமாகிவிடும். பில், வாரண்டி அட்டை, பெட்டியின் மேல் உள்ள விவரம், பேசிய குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். குறையை எழுத்து மூலமாக விற்றவருக்கும் இறக்குமதியாளருக்கும் அனுப்ப வேண்டும். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் வருடச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் தன் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். சொந்தப் பிழைப்புக்காக வாங்கிய கருவி என்பதால் விவசாயியும் நுகர்வோர்தான்.

ஈரோடு மாவட்ட வாசகி: பிரஷ் கட்டரின் முனையில் மாட்டும் களையெடுக்கும் கலப்பை 1,500 ரூபாய்க்கு விற்கிறார்கள். மஞ்சளுக்கு உதவுமா?

மணல் கலந்த, ஈரம் அளவான மண்ணில், சின்னக் களைக்கு ஓரளவு உதவும். செம்மண் இறுகியிருந்தால் கிளட்ச் சூடாகித் தேயும், தோள் வலியும் மிஞ்சும். பிரஷ் கட்டர் வேகமாகச் சுற்றி வெட்டுவதற்காகச் செய்தது. மண்ணைக் கிளற அல்ல. வருடம் ஓரிரு முறைதான் தேவை என்றால் பவர் வீடரை வாடகைக்கு எடுப்பது லாபம். வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகை வசதியிலும், அருகில் உள்ள வாடகை மையத்திலும் விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம்.